அனுபவம் என்ற எண்

நம் பத்திரிகைகளில் மிக அதிகமாகப் புழங்கி, மிகக் குறைவாக விசாரிக்கப்பட்ட சொல் அனுபவம். ஒரு கவிதையை ஏற்க வேண்டுமானால் அதில் அனுபவம் இருக்கிறது என்கிறோம். தள்ள வேண்டுமானால் அனுபவம் இல்லை, வெறும் வார்த்தைகள்தாம் என்கிறோம். அனுபவம் என்பது என்ன என்று கேட்பவருக்கு அது இல்லை என்று தீர்மானித்துவிடுவதால், யாரும் கேட்பதில்லை.

இந்தச் சொல்லுக்குத் திட்டவட்டமான அர்த்தம் கிடைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற வேஷ விளையாட்டில் அனுபவம் ஒரு எண். ஒரு மிருகத்தைக் கொன்றால் இத்தனை புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் வேஷக்காரன் ஒரு படி ஏறுவான். ஏறியவன் இன்னும் பெரிய மிருகத்தைக் கொல்லலாம். 1978ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் இந்த மாதிரி உலகத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். ஒரே உலகத்தில் பலர், ஒரே நேரத்தில். 2004ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இந்த வழியில் வந்ததுதான். 2010ல் அதற்குச் சந்தா கட்டியவர்கள் ஒரு கோடியே இருபது லட்சம் பேர். தமிழ்க் கவிதைக்கு இத்தனை பேர் என்றைக்கும் இருந்ததில்லை என்பதை ஒரு வருத்தமாகச் சொல்லவில்லை. விஷயத்தின் அளவு தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

திருவண்ணாமலையில் ஒரு பௌர்ணமி இரவு நண்பர் வீட்டில் தங்க நேர்ந்தது. வெளியே ஜனங்கள் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே நண்பரின் மகன், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, நாற்பது பேரில் ஒருவனாக ஒரு ராட்சசனோடு யுத்தம் செய்துகொண்டிருந்தான். நாற்பது பேரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். ஒருவன் முன்னால் நின்று அடிகளை வாங்குகிறான், சிலர் அவனுடைய காயத்தை ஆற்றியபடி இருக்கிறார்கள், மற்றவர்கள் தாக்குகிறார்கள். நண்பரின் மகன் காயம் ஆற்றுபவன். நள்ளிரவு தாண்டி ராட்சசன் விழுந்தான்.

"செத்துட்டானா?" என்று கேட்டேன்.

"செத்துட்டான் மாமா. அடுத்த வாரம் திரும்ப இருப்பான்" என்றான்.

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நம்மில் ஒருவர் உடனே ஒரு கட்டுரை எழுதிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். தப்பித்தல், போலி உலகம், செத்தவன் சாகாத பொம்மைச் சண்டை என்று. நானும் ஊர் திரும்பும் பஸ்ஸில் மனசுக்குள் அதைத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் தப்பித்தல் என்ற குற்றச்சாட்டு நமக்குப் பரிச்சயமானது. புதுக்கவிதையின் மேல் அது வீசப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பற்றி ந. முத்துசாமி எழுத ஆரம்பிக்கும் வரையில் நம்மவர்களில் பலருக்குத் தெருக்கூத்தும் ஒரு விடியவிடியக் கூச்சல்தான். பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நமக்குக் கைவந்த பழக்கம்.

கூத்தைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. புரிசை இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்தான். செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்கிறார், இரவில் கூத்து. பல நாட்களுக்கு ஊரே ஒரு வேஷ உலகத்தினுள் போய்விடுகிறது. அர்ச்சுனன் தபசில் வேஷக்காரர் நிஜமாகவே உயரமான தபசு மரத்தில் ஏறுகிறார். கடைசி நாள் காலை படுகளம். களிமண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் திடலில் மல்லாந்து கிடக்கிறான். அவன் தொடை பிளந்த பிறகு திரௌபதி கூந்தல் முடிகிறாள். மாலையில் தீமிதி.

பழைய காலத்துக் கணினி விளையாட்டு நம் கூத்து என்று சொல்லிப் பெருமைப்படுவதற்காக இதை எழுதவில்லை. அந்த மாதிரி ஒப்புமைகள் இரண்டு பக்கத்தையும் அவமதிக்கின்றன. வித்தியாசம் எங்கே என்பதுதான் கேள்வி.

முதலில் எனக்குத் தோன்றிய பதில், துரியோதனன் நிஜமாகச் சாகிறான், ராட்சசன் சாவதில்லை என்பது. இது நிற்காது. துரியோதனனும் அடுத்த பாரதத்தில் கட்டை வேஷம் கட்டிக்கொண்டு கிரீடமும் புஜக்கட்டையுமாகத் திரைக்குப் பின்னால் வந்து நிற்பான். அடுத்த பதில், விளையாட்டில் பேராசை இருக்கிறது, செத்த ராட்சசனிடம் கொள்ளைப் பொருளுக்கு அலைகிறார்கள் என்பது. இதுவும் நிற்காது. தபசு மரத்திலிருந்து விழும் எலுமிச்சம்பழத்தைப் பிள்ளை வேண்டும் பெண்கள் மடியேந்தி வாங்குகிறார்கள். படுகளம் முடிந்ததும் துரியோதனனின் மண்ணைப் பிட்டுக்கொண்டு போய்ச் சில ஊர்களில் நெல் குதிரில் போட்டுவைக்கிறார்கள். ஆசை இரண்டிலும் ஒன்றே.

ஆனால் அந்த மண் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அது ஆட்டத்தை விட்டு வெளியேறி வீட்டுக்குப் போகிறது, நெல்லோடு சேர்கிறது. விளையாட்டில் ஜெயித்த வாள் அடுத்த ராட்சசனைக் கொல்வதற்கு மட்டுமே பயன்படுகிறது. புள்ளி இன்னொரு புள்ளிக்கே வழி. எல்லை தாண்டாதது எண், தாண்டுவது அனுபவம். எனக்குக் கிடைத்த வித்தியாசம் இவ்வளவுதான்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு திரும்பவும் விளையாட்டைப் பார்த்தால் தீர்ப்பு அத்தனை சுலபமாக இல்லை. பார்ட்டில் 1996ல் எழுதிய கட்டுரையில் ஆடுபவர்களை நான்கு வகையாகப் பிரித்தார். புள்ளி சேர்ப்பவன் அதில் ஒரு வகை மட்டுமே. மற்றவர்கள் சுற்றித் திரிந்து உலகத்தைப் பார்க்கிறவன், பேசிப் பழக வருகிறவன், பிறரை வதைத்துச் சந்தோஷப்படுகிறவன். 2005 செப்டம்பரில் வார்கிராஃப்டில் ஹக்கார் என்ற ராட்சசனின் கோட்டைக்குள் மட்டும் இருக்க வேண்டிய ஒரு நோய், ஆடுபவர்களின் வளர்ப்பு மிருகங்கள் மூலமாக நகரங்களுக்குள் வந்துவிட்டது. உருவாக்கியவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. கீழ்ப் படியில் இருந்தவர்கள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். சிலர் ஊரை விட்டு ஓடினார்கள். சிலர் வேண்டுமென்றே நோயைப் பரப்பினார்கள். சிலர் தெருவில் நின்றுகொண்டு முன்பின் தெரியாதவர்களுக்குக் காயம் ஆற்றினார்கள். ஆற்றியதற்குப் புள்ளி கிடையாது. 2007ல் எரிக் லாஃப்கிரனும் நீனா ஃபெஃபர்மனும் இதைப் பற்றி ஒரு மருத்துவ ஆய்விதழில் எழுதினார்கள், நிஜமான தொற்றில் மனிதர்கள் எப்படி நடப்பார்கள் என்று யோசிப்பதற்காக.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் தசை நலிவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்து 2014ல் இருபத்தைந்தாவது வயதில் இறந்தார். மகன் தனிமையில் ஒரு விளையாட்டை ஆடியே வாழ்நாளைக் கழித்துவிட்டான் என்று பெற்றோர் துக்கப்பட்டார்கள். அவருடைய வலைப்பதிவில் மரணச் செய்தியைப் போட்டதும், இபெலின் என்ற வேஷத்தில் அவரை அறிந்திருந்தவர்கள் பல தேசங்களிலிருந்தும் எழுத ஆரம்பித்தார்கள். அவர் எங்களோடு பேசினார், எங்கள் துன்பங்களைக் கேட்டார் என்று எழுதினார்கள். சிலர் இறுதிச் சடங்குக்கு வந்தார்கள். பெஞ்சமின் ரீ 2024ல் இதைப் படமாக எடுத்திருக்கிறார். படுகளத்து மண் குதிருக்குப் போவதைப் போல, இங்கேயும் ஏதோ ஒன்று ஆட்டத்திலிருந்து கிளம்பி ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாமல் அது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

எனவே, எண்ணாகிவிட்ட அனுபவம் விளையாட்டின் விதிகளில் இருக்கிறது. ஆடுபவர்களிடம் அது எப்போதும் எண்ணாகவே இருந்துவிடவில்லை. விதி கேட்காத காரியத்தை ஒருவன் செய்யும்போது அங்கே மனிதன் தட்டுப்படுகிறான். கூத்திலும் விஷயம் அடவில் மட்டும் இல்லை. அடவைக் கற்றவர்கள் அநேகம் பேர். தபசு மரத்தின் உச்சியில் நிற்பவரின் கீழே ஏந்திய மடிகள்தாம் கூத்தைக் கூத்தாக்குகின்றன.

இதை நமக்கும் பொருத்திப் பார்க்காமல் விட்டால் நான் இத்தனை நேரம் ஊரான் வீட்டைப் பற்றிப் பேசியதாகவே ஆகும். நம் வட்டம் சிறியது, நாற்பது பேருக்கு மேல் தேறாது. ஒரு கவிதை வருகிறது. அதைப் படித்து இன்னொருவர் இன்னொரு கவிதை எழுதுகிறார். மூன்றாமவர் விமர்சனம் எழுதுகிறார். நான்காமவர் ஒரு படி ஏறியதாகக் கருதப்படுகிறார். இந்தக் கட்டுரைக்கும் யாராவது ஒரு புள்ளி போடக்கூடும். வெளியே எந்தக் குதிருக்கு எது போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் நாம் யாரும் கணக்கெடுக்கவில்லை.

அன்று விடியும்போது நண்பரின் மகன் கருவியைக் கழற்றிவிட்டுச் சொன்னான், "அடி வாங்கினவனுக்குக் காய்ச்சல் மாமா, ராத்திரி பூரா உட்கார்ந்திருந்தான், போன் பண்ணிக் கேக்கணும்." நான் பஸ்ஸில் எழுதிய கட்டுரையை அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் கைவிட்டேன்.