பலகையில் ஓர் உப்பளம்

கைப்பேசி பழுதுபார்க்கக் கற்பிக்கும் பயிற்சிக் குறிப்புகள் சிலவற்றில் ஓர் அறிவுரையைக் காண்கிறோம். மின்சுற்றுப் பலகை நனைந்துவிட்டால், வெப்பக் காற்றுக் கருவியை 350 பாகை செல்சியசில் வைத்துச் சூடு காட்ட வேண்டும் என்பதே அது. இது சரிதானா? வேதாரண்யத்து மாணவர்கள் எளிதில் விடை கூறுவார்கள்.

கருவியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. இன்றைய சில்லுகள் பலவற்றுக்குப் பக்கவாட்டில் கால்கள் இல்லை. அடியில் பற்றாசு உருண்டைகளே உள்ளன. பற்றவைப்புக் கோலின் முனை அங்கே எட்டாது. சூடான காற்று எட்டும். வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு கலந்த பற்றாசு 183 பாகையில் உருகும். காரீயமற்ற வெள்ளீய-வெள்ளி-செம்புக் கலவைக்கு ஏறத்தாழ 217 பாகை வேண்டும். இப்பணிக்கு வெப்பக் காற்று மிகப் பொருத்தமானது.

ஆனால் உப்பு? அதன் உருகுநிலை 801 பாகை. 350 பாகைக் காற்று நீரை விரட்டும், உப்பை அசைக்காது. உப்பளத்தில் நடப்பதும் இதுதானே? வெயில் நீரைக் கொண்டுபோகிறது. உப்பு பாத்தியில் தங்குகிறது. 1930இல் ராஜாஜியின் தொண்டர்கள் வேதாரண்யத்தில் அள்ளிய உப்பும் அவ்வாறு விளைந்ததே. கழுவாமல் சூடு காட்டுபவர் பலகையின்மேல் பாத்தி கட்டுகிறார்!

தங்கிய உப்பு சும்மா இராது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால், அது ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகும். அக்கரைசல் வழியே மின்சாரம் கசிந்து செம்புத் தடங்களை அரிக்கும். சூடு காட்டியதும் உயிர்பெற்ற கைப்பேசி பின்னர் மீண்டும் மடிய இதுவும் ஒரு காரணம். மேலும், சில்லின் உறைக்குள் புகுந்த ஈரம் திடீர்ச் சூட்டில் ஆவியாகி உறையையே பிளந்துவிடலாம்.

2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. அத்தகைய நாட்களில் உறவினரை அழைக்கவும் உதவி கேட்கவும் ஏழைக் குடும்பத்துக்குக் கைப்பேசிதான் வழி. அதைத் தவறான அறிவுரை பறிக்கலாமா?

முறை இதுவே: முதலில் மின்கலத்தை நீக்குங்கள். காய்ச்சி வடித்த நீரால், மென்மையான தூரிகை கொண்டு கழுவுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மட்டும் போதாது. தூய ஆல்கஹாலில் உப்பு கரைவதே அரிது. நீரால் கழுவிய பின் அதனைப் பூசினால் எஞ்சிய ஈரம் விரைவில் நீங்கும். மிதமான சூட்டில் நன்கு உலர்த்தி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பற்றாசு இணைப்பு கெட்டிருந்தால் மட்டுமே வெப்பக் காற்றை நாடுங்கள்.

வெப்பநிலையைக் கூறுவது எளிது. அதன் காரணத்தையும் கூறுவதே கற்பித்தலாகும்.