ஒரே பிரின்டர், பலவகைத் தாள்

ஸ்டேஷனரிக் கடைக்குப் போனால் ஃபோட்டோ பேப்பர், ஸ்டிக்கர் ஷீட், ஓ.எச்.பி. ஷீட், டி-ஷர்ட் டிரான்ஸ்ஃபர் பேப்பர், பி.வி.சி. கார்டு என அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ‘இங்க்ஜெட்’ என்றுதான் அச்சிட்டிருக்கிறது. பில்லும் கடிதமும் அடிக்கும் அலுவலகப் பிரின்டர் இவற்றை எந்த அளவுக்குத் தாங்கும்? சிறு அலுவலகங்களில் பரவலாகக் காணப்படும் கேனான் பிக்ஸ்மா ஜி3010-ஐ வைத்துப் பார்க்கலாம்.

முதல் சாதகம், தாள் போகும் வழி. பின்பக்கத் தட்டில் வைக்கும் தாள் அதிகம் வளையாமல் இறங்கி முன்னால் வந்துவிடுகிறது. முன்பக்கத் தட்டிலிருந்து இழுத்து, உள்ளே ‘யு’ வடிவில் திருப்பி வெளியே தள்ளும் மாடல்களில் தடித்த தாள் சிக்கும். ஸ்டிக்கரின் ஓரம் உரிந்து ரோலரில் ஒட்டவும் கூடும். ஜி3010-இல் சாதாரணத் தாள் என்றால் 64 முதல் 105 ஜி.எஸ்.எம். வரை வைக்கலாம். கேனானின் சொந்த ஃபோட்டோ பேப்பர் என்றால் சுமார் 275 வரை போகலாம்.

அடுத்தது மை. இதில் கறுப்பு மட்டும் பிக்மென்ட்; மற்ற மூன்றும் டை. பிக்மென்ட் துகள் சாதாரணத் தாளின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுவதால் எழுத்து கூர்மையாக விழுகிறது. பளபளக்கும் ஃபோட்டோ பேப்பரிலோ அது ஒட்டாமல் மேலேயே நின்று, விரல் பட்டால் இழுபடும். அதனால் ‘மீடியா டைப்’ பகுதியில் குளாஸி தாளைத் தேர்ந்தெடுத்ததும், பிரின்டர் கறுப்பை ஒதுக்கிவிட்டு மூன்று வண்ணங்களைக் கலந்தே கறுப்பை உண்டாக்குகிறது. பாஸ்போர்ட் படத்துக்கு அது போதும். இருட்டான பகுதிகள் நிறைந்த பெரிய படத்தில் கறுப்பின் ஆழம் குறையும்.

அந்தத் தேர்வை மறந்து ‘பிளைன் பேப்பர்’ என்றே விட்டால், பிக்மென்ட் கறுப்பு குளாஸி தாளில் விழுந்து பாழாகும். சிக்கனம் பார்த்து வாங்கிய தாள் குப்பைக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஓ.எச்.பி. ஷீட்டில் இங்க்ஜெட்டுக்கு உரியதன் ஒரு பக்கம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும்; அந்தப் பக்கத்தில்தான் அச்சடிக்க வேண்டும். லேசர் ஷீட்டை வைத்தால் மை பிடிக்காமல் துளித்துளியாக நிற்கும். மாறாக, இங்க்ஜெட் ஷீட்டை லேசர் பிரின்டரில் விட்டால் அதன் பூச்சு சூட்டில் இளகி உள்ளே ஒட்டிக்கொள்ளலாம்.

மேட் ஸ்டிக்கரில் லேபிள் அழகாக வருகிறது. ஆனால் டை மை தண்ணீருக்கும் வெயிலுக்கும் தாங்காது. ஊறுகாய் பாட்டிலில் ஒட்டுவதானால் மேலே லேமினேஷன் அவசியம். டி-ஷர்ட் பேப்பரில் வெளிர் துணிக்கு உரிய வகை என்றால் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அடிக்க வேண்டும். இந்தப் பிரின்டரில் வெள்ளை மை கிடையாது என்பதால், அடர்நிறத் துணிக்கு வெள்ளை அடித்தளம் கொண்ட தனி வகைப் பேப்பரையே வாங்க வேண்டும்.

பி.வி.சி. கார்டு ஜி3010-இன் வேலை அல்ல. அதற்குக் கார்டைப் பிடித்துக்கொள்ளும் தனித் தட்டு தேவை. எப்சான் எல்8050 போன்ற ஆறு வண்ண மாடலில் அந்த வசதி உண்டு. ஆனாலும் வெளிக்கடையில் அடித்த பி.வி.சி. ஆதார் கார்டுகளில் பாதுகாப்பு அம்சங்கள் இல்லை என்பதால், அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆதார் ஆணையம் 2022-இல் அறிவித்திருக்கிறது.

லேபிள், மேட் பேப்பர், எப்போதாவது ஒரு ஃபோட்டோ என்றால் ஜி3010 தாராளமாகப் போதும். ஃபோட்டோவையும் அடையாள அட்டையையும் நம்பித் தொழில் நடத்துபவர்கள் ஆறு வண்ண மாடலுக்கே போவது நல்லது.