இணையப் பகடியில் நகையும் அங்கதமும்: ‘தமிழ்ப் படம்’, ‘காண்டிராக்டர் நேசமணி’ ஆகியவற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படப் பகடியும் இணைய மீம்களும் இன்றைய தமிழ்ச் சமூகத்தின் பெருவழக்கான நகைச்சுவை வடிவங்கள். இவற்றைப் பொழுதுபோக்கு எனத் தள்ளுவதும், வெகுமக்களின் எதிர்ப்புக்குரல் என முழுதாகப் போற்றுவதும் ஆய்வுக்குப் போதுமானவை அல்ல. தொல்காப்பியத்தின் நகை, அங்கதம் ஆகிய கருத்தாக்கங்களைக் கொண்டு இவ்வடிவங்களை மதிப்பிடும் இக்கட்டுரை, எள்ளலின் இலக்கு எது என்னும் வினாவை மையமாகக் கொள்கிறது.

திறவுச்சொற்கள்: பகடி, அங்கதம், மெய்ப்பாடு, மீம், கையறுநிலை, நேசமணி.

முன்னுரை

பூவிருந்தவல்லியை அடுத்து, பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்தது நசரத்பேட்டை. அதன் அருகில், செம்பரம்பாக்கத்தில் உள்ள ஈ.வி.பி. வளாகம் முன்பு கேளிக்கைப் பூங்காவாக இருந்து, பின்னர் படப்பிடிப்புத் தளமானது. 2017இல் தொடங்கிய ‘பிக் பாஸ்’ தமிழ் நிகழ்ச்சியின் வீடு இங்குதான் அமைக்கப்பட்டது. அவ்வீட்டில் பேசப்படும் ஒரு சொல், காட்டப்படும் ஒரு முகக்குறிப்பு, சில மணி நேரத்தில் மீமாகிக் கைப்பேசிகளில் உலவத் தொடங்கும். மூலக்காட்சி ஒரு தளத்தில் உருவாக, அதன் நகை வடிவங்கள் முகமறியாப் பலரால் ஆக்கப்படுகின்றன. ஆசிரியர் பெயர் அற்ற இவ்வாக்கங்களைத் திறனாய்வு எவ்வாறு அணுகுவது என்பதே இங்கு எழும் சிக்கல்.

நகையும் அங்கதமும்: கோட்பாட்டுப் பின்புலம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், பேதைமை, மடன், இளமை ஆகிய நான்கினைச் சுட்டுகிறது. இவற்றுள் எள்ளலைப் பேராசிரியர் இருவகையாக விளக்குகிறார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று; பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுவது மற்றொன்று. நகைப்பவர், நகைக்கப்படுபவர் என்னும் இரு நிலைகளையும் ஒருவரே ஏற்கக்கூடும் என்னும் இவ்விளக்கம் இணைய நகைச்சுவைக்கு மிகவும் பொருந்துவது.

செய்யுளியலோ அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் எனப் பகுக்கிறது. முன்னது வெளிப்படையான வசை. பின்னது பழியைச் சொல்லுக்குள் மறைத்து உரைப்பது. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் பாடிய புறநானூற்று 95ஆம் பாடலைப் பழியை மறைத்துரைக்கும் முறைக்குச் சான்றாகக் கொள்ளலாம். நெய் பூசிக் காவலில் வைக்கப்பட்ட தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்வது போலத் தொடங்கும் அப்பாடல், போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் படைக்கலங்களைக் காட்டி முடிகிறது. புகழ்ச்சியின் வடிவமே பழியின் கருவியாகிறது. வடிவத்தைக் கடன் வாங்கிப் பொருளைத் திருப்பும் இச்செயலே பகடியின் அடிப்படை.

‘தமிழ்ப் படம்’: மரபை எள்ளும் செம்பொருள்

விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’ ஒரு வாரத்திற்கு ஒரு படத்தைப் பகடி செய்தது. சி.எஸ். அமுதன் இயக்கத்தில் சிவா நடித்து 2010 சனவரியில் வெளியான ‘தமிழ்ப் படம்’ ஒரு தனிப்படத்தை விடுத்து, நாயக மரபு முழுவதையும் இலக்காகக் கொண்டது. பெண் சிசுக்கொலையைப் பேசிய கிராமியப் படங்களின் தொடக்கத்தைத் திருப்பி, ஆண் குழந்தைகள் கொல்லப்படும் ‘சினிமாப்பட்டி’யை அது படைத்தது. அறிமுகப் பாடல், ஒரே பாடலில் செல்வந்தனாதல் ஆகிய வாய்பாடுகளை மிகைப்படுத்தி அவற்றின் வெறுமையைக் காட்டியது. தமிழ்த் திரைப்பாடல்களில் இடைநிரப்பியாக வரும் பொருளற்ற ஒலிகளை மட்டுமே கொண்டு ஒரு காதல் பாடலை அமைத்தது அதன் கூர்மைக்குச் சான்று. பொருளுள்ள சொல் ஒன்றும் இல்லாமலேயே அது காதல் பாடலாக உணரப்படுகிறது எனில், அவ்வகைப் பாடல்களில் சொல்லின் இடம் யாது என்னும் வினா எழுகிறது. இங்குப் பகடி, திறனாய்வு செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்துவிடுகிறது.

2018இல் வெளியான இரண்டாம் பாகம் அரசியலையும் தொட்டது. 2017 பிப்ரவரியில் ஓ. பன்னீர்செல்வம் ஜெயலலிதா நினைவிடத்தில் மேற்கொண்ட தியானத்தை அதன் விளம்பரப் படம் போலச்செய்தது. இரு பாகங்களிலும் எள்ளப்படுவோர் புகழும் அதிகாரமும் உடையோரே. இலக்கு வெளிப்படையானது, மேலிருப்பது. எனவே இதனைச் செம்பொருள் அங்கதத்தின் திரை வடிவம் எனலாம். எனினும், பகடி செய்த வாய்பாடுகளைக் கொண்டே அப்படமும் நாயகனை வெற்றி பெறச் செய்கிறது. மரபை எள்ளிய நகை, மரபின் இன்பத்தைத் துறக்கவில்லை. இஃது இவ்வகையின் எல்லை.

‘நேசமணி’: கையறுநிலையின் பகடி

சித்திக் இயக்கிய ‘பிரெண்ட்ஸ்’ (2001) அதே பெயரிலான மலையாளப் படத்தின் மறுஆக்கம். அதில் வண்ணப்பூச்சு ஒப்பந்தக்காரராக வடிவேலு ஏற்ற பாத்திரம் காண்டிராக்டர் நேசமணி. மேலிருந்து தவறி விழும் சுத்தியல் அவர் தலையைத் தாக்கும் காட்சி பெரும்புகழ் பெற்றது. 2019 மே இறுதியில், கட்டடப் பொறியியல் கற்போருக்கான ஒரு முகநூல் பக்கம் சுத்தியலின் படத்தை வெளியிட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என வினவியது. தமிழர் ஒருவர் அதற்குச் சுத்தியல் என விடையளித்து, நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என உண்மைச் செய்தி போல எழுதினார். அவர் நலம்பெற வேண்டும் என்னும் ஹேஷ்டேக் இந்திய அளவிலும் உலக அளவிலும் ட்விட்டரில் முன்னிலைக்கு வந்தது. மே 30 அன்று நரேந்திர மோடி இரண்டாம் முறையாகப் பிரதமர் பொறுப்பேற்ற செய்தியோடு அது போட்டியிட்டது. மருத்துவ அறிக்கை, தலைவர்களின் ஆறுதல், சிகிச்சை நிலவரம் எனக் கற்பனைச் செய்திகள் பெருகின.

இதன் வடிவம் ஆராயத்தக்கது. புறத்திணை மரபில் தலைவன் மறைந்தவழி இரங்குவது கையறுநிலை. இங்கோ இரங்கலின் தொனியும் சொற்களும் அப்படியே உள்ளன. இரங்கத்தக்க நிகழ்வு மட்டும் இல்லை. எள்ளப்படுபவர் நேசமணியும் அல்லர். எந்த நிகழ்வுக்கும் உடனடியாகப் பெருகும் சடங்குத்தனமான இணைய இரங்கலும், அதைச் செய்தியாக்கும் ஊடகப் பரபரப்புமே எள்ளப்படுகின்றன. இலக்கு மறைந்திருப்பதால் இதனைப் பழிகரப்பு அங்கதத்தோடு ஒப்பிடலாம். நேசமணி யார் எனப் பிறமொழியினர் வினவ வினவ நகை வளர்ந்தது. மூலம் அறிந்தோர்க்கு மட்டுமே விளங்கும் இந்த மறைவு, மொழிக்குழுவின் அடையாளமாகவும் இயங்கியது.

வடிவேலுவின் முகம் ஏன் மீம்களின் பொதுமொழியானது என்பதற்கும் பேராசிரியரின் விளக்கம் உதவுகிறது. அடிபடுபவர், ஏமாறுபவர், வீறாப்புப் பேசித் தோற்பவர் ஆகிய அவருடைய பாத்திரங்களைக் கொண்டு இளைஞர்கள் தம் வேலையின்மையையும் தேர்வுத் தோல்வியையும் சொல்கின்றனர். பிறரை எள்ளுவது, தன்னைத்தானே நகுவதாக மாறுகிறது.

நகையின் எஞ்சிய பகுதி

இவ்வளவும் ஏற்கத்தக்கதே. ஆயினும், இந்நகையின் அடித்தளத்தில் இருப்பது பணியிடத்தில் தலையில் அடிபட்ட ஓர் உழைப்பாளியின் உடல். அது மறக்கப்பட்டால்தான் நகை இயங்கும். நேசமணி அலை ஓய்ந்து ஓராண்டு நிறைவதற்குள், 2020 பிப்ரவரி 19 அன்று, ஈ.வி.பி. வளாகத்தில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பின்போது கிரேன் சரிந்து திரைப்படப் பணியாளர் மூவர் உயிரிழந்தனர். நசரத்பேட்டை காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் காரணகாரியத் தொடர்பு இல்லை. மீம் படைத்தோர் குற்றவாளிகளும் அல்லர். எனினும், திரைக்குள் மேலிருந்து விழும் பொருள் நகையையும், திரைக்குப் பின்னால் விழும் பொருள் சாவையும் தருகின்றன என்னும் முரண் திறனாய்வாளரின் கவனத்திற்குரியது. கற்பனைத் தொழிலாளிக்குக் கிடைத்த உலகளாவிய இரங்கலின் வடிவத்தை, மெய்யான தொழிலாளர்க்கு இணையம் அதே அளவில் நீட்டித்ததாகச் சொல்ல இயலாது.

திரை நகைச்சுவை மரபில் எள்ளலுக்கு உள்ளாவோர் பெரும்பாலும் கருநிறத்தோர், பருத்த உடலினர், உடலுழைப்போர் ஆவர். அக்காட்சிகளை மூலமாகக் கொள்ளும் மீம்கள், சொல்ல வரும் செய்தி எதுவாயினும், அம்மரபையும் உடன் சுமந்து செல்கின்றன. பகடி மேல்நோக்கிச் செல்லும்போதும் அதன் கருவி கீழிருப்பவரின் உடலாக இருக்கக்கூடும். ‘தமிழ்ப் படம்’ நாயகனை எள்ளுவதால் இச்சிக்கலிலிருந்து ஓரளவு விலகி நிற்கிறது. நேசமணி முற்றிலும் விலகவில்லை.

முடிவுரை

திரைப்பகடியும் மீமும் தமிழின் நகை, அங்கத மரபுகளின் தொடர்ச்சியாக வைத்து ஆராயத்தக்கவை. ‘தமிழ்ப் படம்’ இலக்கை வெளிப்படுத்தும் செம்பொருள் அங்கதமாகவும், நேசமணி இலக்கை மறைக்கும் பழிகரப்பு அங்கதமாகவும் அமைகின்றன. எள்ளல் பற்றிய பேராசிரியரின் இருவகை விளக்கம், மீமைப் பயன்படுத்துவோர் தம்மையே நகுவதை விளக்க வல்லது. இவ்வாக்கங்களை மதிப்பிடும்போது அவை யாரை எள்ளுகின்றன என்பதோடு, யாருடைய துன்பத்தைக் கருவியாக்குகின்றன என்பதையும் இணைத்து வினவுதல் வேண்டும். முதல் வினாவோடு நின்றுவிடும் ஆய்வு, நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியலைக் காணும். அது ஒருவர் வேலை செய்துகொண்டிருந்த இடம் என்பதைக் காணாது.