எலியை அளக்கும் கேமரா ஆட்டிசத்தை அளக்கிறதா?

ஆட்டிசத்தோடு தொடர்புள்ள மரபணு ஒன்றை மாற்றி வளர்த்த சுண்டெலி எவ்வளவு நேரம் தன் உடலை நக்கித் துடைத்துக்கொள்கிறது என்பதை ஸ்டாப்வாட்சும் கையுமாக உட்கார்ந்து குறிப்பது ஆய்வகங்களின் நெடுநாள் வழக்கம். அந்த வேலையை இப்போது கேமராவும் கணினியும் செய்கின்றன. இது முன்னேற்றம்தான், ஆனால் எதில் முன்னேற்றம் என்று கேட்டாக வேண்டும்.

சுண்டெலி இரவில் நடமாடும் உயிர். ஆய்வாளரோ பெரும்பாலும் பகலில், அதுவும் சில நிமிடங்களே பார்க்கிறார். பார்ப்பவரே எலியைக் கலைப்பதும் உண்டு. ஆண் ஆய்வாளரின் வாடையே எலிகளுக்கு மன அழுத்தம் தருகிறது என்று மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2014இல் காட்டியது. கூண்டின் மேல் பொருத்திய கேமராவால் இந்தத் தொல்லை குறையும்; இரவு முழுக்கப் பதிவும் நடக்கும்.

இதைவிடப் பெரிய பலம், தேடாததையும் கண்டெடுப்பது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ‘மோசெக்’ முறை, எலியின் அசைவுகளை ஒரு நொடிக்கும் குறைவான துண்டுகளாகத் தானே பிரிக்கிறது. ஆட்டிச ஆய்வுக்கான எலிகளுக்கு ரிஸ்பெரிடோன் என்ற மருந்தைக் கொடுத்தபோது, மருந்து சரிசெய்த அசைவுகளையும் அதே மருந்து புதிதாகக் கிளப்பிவிட்ட அசைவுகளையும் மோசெக் தனித்தனியே காட்டியது. வெறும் கண்ணுக்கு இது எளிதில் பிடிபடாது.

குறைகளும் சிறியவை அல்ல. பல மென்பொருள்கள் மனிதர் குறித்துக் கொடுத்த படங்களிலிருந்தே கற்கின்றன. குறித்தவரின் சாய்வும் கூடவே வந்துவிடும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு மாறும் பழைய சிக்கலும் கேமரா வந்ததால் தீராது. ஆல்பனி, எட்மண்டன், போர்ட்லாண்டு ஆய்வகங்கள் ஒரே இன எலிகளை ஒரே விதமாகச் சோதித்தும் சிலவற்றில் வேறுபட்ட முடிவுகளைப் பெற்றதை 1999லேயே பார்த்தோம்.

அடிப்படைக் குறை பொருள்கொள்வதில் இருக்கிறது. ஆட்டிசத்தோடு தொடர்புள்ள ஷாங்க்3 மரபணுவை நீக்கிய எலி தோல் புண்ணாகும்வரை துடைத்துக்கொள்கிறது. அது எத்தனை நொடி என்று கேமரா பிசகாமல் சொல்லும். ஆட்டிசக் குழந்தை திரும்பத் திரும்பக் கையசைப்பதும் இதுவும் ஒன்றா என்று சொல்லாது. மேலும், எலிகள் வாசனையாலும் நம் காதுக்கு எட்டாத ஒலியாலும் பழகுகின்றன. படத்தில் இரண்டும் விழுவதில்லை.

எலியில் நல்ல பலன் காட்டிய மாவோகுளூரன்ட் மருந்து, ஆட்டிசத்தோடு தொடர்புள்ள ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபணுக் குறைபாடு உள்ளவர்களிடம் நடந்த சோதனைகளில் கைகொடுக்கவில்லை. அளவீட்டை நுட்பமாக்குவதால் மட்டும் எலிக்கும் மனிதருக்கும் உள்ள இந்த இடைவெளி அடைபடாது. எனவே கேமரா தரும் எண்ணை ‘எலியின் நடத்தை’ என்றே எழுத வேண்டும். ‘ஆட்டிச நடத்தை’ என்று எழுத வேறு சான்று வேண்டும்.