பச்சை பூசிய வானம்

2025 செப்டம்பரில் ட்ரோன் வரைவு மசோதா வெளிவந்ததும் தொழில்துறையினர் பலரிடமிருந்து ஒரே பதில் வந்தது: 2021 ட்ரோன் விதிகளே போதும், அவற்றில் கை வைக்காதீர்கள். போலீசுக்குப் பறிமுதல் அதிகாரத்தை அள்ளிக் கொடுக்கும் மசோதாவுக்கு நானும் ஆதரவாளன் இல்லை. ஆனால் பழைய விதிகள் போதும் என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை.

அந்த விதிகளால் நன்மை இல்லாமல் இல்லை. 25 படிவங்கள் 5 ஆயின. விமான நிலையத்தைச் சுற்றி 45 கி.மீ. வரை நீண்டிருந்த, அனுமதி பெற்றே பறக்கவிட வேண்டிய மஞ்சள் மண்டலம் 12 கி.மீ. ஆகச் சுருங்கியது. திருச்சி விமான நிலையத்திலிருந்து இலுப்பூர் ஏறக்குறைய 30 கி.மீ. 2021க்கு முந்தைய கணக்குப்படி மஞ்சளில் சிக்கியிருக்கும், இன்று பச்சை மண்டலம். கடலைக் கொல்லையில் ட்ரோனால் மருந்தடிக்க வருபவர் அதைப் பறக்கவிட யார் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நல்லது.

சிக்கல் அந்தப் பச்சையில்தான். பச்சையில் 400 அடி வரை அனுமதி வேண்டாம் என்பதை, 400 அடி வரை வேறு யாரும் வரமாட்டார்கள் என்று டெல்லி எடுத்துக்கொண்டுவிட்டது. இலுப்பூருக்குக் கிழக்கே நார்த்தாமலைப் பக்கம், 2025 நவம்பரில் ஒரு பயிற்சி விமானம் கோளாறாகி, திருச்சி–புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். அது கடைசியாகக் கடந்து வந்த 400 அடியும் வரைபடத்தில் பச்சைதான். அந்த நேரத்தில் பக்கத்து மண்டபத்தில் கல்யாணம் எடுக்கும் பையன் ஒருவன் தன் ட்ரோனை 300 அடியில் நிறுத்தியிருந்தால்? அவன் கண் கையிலிருக்கும் திரையில். திரையில் பெண்ணும் மாப்பிள்ளையும். விமானிக்கு அவன் தெரியமாட்டான், அவனுக்கு விமானி தெரியமாட்டார், திருச்சி விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அவன் இருப்பதே தெரியாது. ஆள் ஓட்டும் விமானத்துக்கு வழிவிட வேண்டும் என்று விதி உண்டு; ஆனால் தெரியாத விமானத்துக்கு அவன் எப்படி வழிவிடுவான்?

இதற்கு மருந்து எழுதப்படாமல் இல்லை. ட்ரோன்கள் தம் இருப்பிடத்தை உடனுக்குடன் அறிவிக்க வேண்டும் என்ற போக்குவரத்து மேலாண்மைக் கொள்கை 2021 அக்டோபரிலேயே வந்தது. ஆனால் விதிகளோ நேரடிக் கண்காணிப்புக் கருவியை 'பின்னர் அறிவிக்கப்படும்' பட்டியலில் வைத்தன. அந்தப் 'பின்னர்' எப்போது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜனவரி முதல், ட்ரோன்களுக்கென ஒதுக்கும் வான்பகுதியில் ட்ரோன் மட்டுமல்ல, விமானக் கட்டுப்பாட்டுச் சேவை பெறாத, ஆள் ஓட்டும் விமானமும் மின்னணு முறையில் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். நாம் வண்ணம் அடித்ததோடு கடை கட்டிவிட்டோம்.

ஆபத்து என்றால், ட்ரோன் பறக்கத் தடையுள்ள தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்கலாமே என்பார்கள். அறிவிக்கலாம், 96 மணி நேரம் வரை. எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். மந்திரி வருகைக்கு அது பொருந்தும். கோளாறான விமானம் தரைக்கு வரச் சில நிமிடங்கள் போதும்; அதற்குள் புதுக்கோட்டை எஸ்.பி.யைத் தொலைபேசியில் பிடிப்பது யார்?