விதைநெல்லுக்கு ஒரு முழுக்கு

விதைநெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டும் வேளை எனக்கு மிகவும் பிடிக்கும். நெல்லுக்கு முன்னால் ஒரு கோழிமுட்டை பாத்திரத்துக்குள் போயிருக்கும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கக் கரைக்க, அடியில் கிடந்த முட்டை மெல்ல எழும்பி நாணயமளவு மண்டையை வெளியே காட்டும். கரைசல் பதமாகிவிட்டது. எந்த அளவுகருவியையும்விட எனக்கு இந்த முட்டையின் மேல்தான் பிரியம். இனி நெல் சரசரவென்று விழலாம். பதரும் நோய்ப்பட்ட லேசான மணிகளும் மேலே மிதக்கும். திரட்சியானவை அடியில் தங்கும். மிதப்பதை உள்ளங்கையால் வழித்தெடுத்துவிட்டு, அடிநெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுவார்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் அடுத்து பீஜாமிர்தம் என்ற விதைநேர்த்திக் கரைசலுக்கு வருவார்கள். பசுஞ்சாணத்தைத் துணியில் முடிந்து இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, விடிந்ததும் பிழிந்து பிழிந்து சாற்றை இறக்குவார்கள். அதில் கோமியம், கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு, வரப்பு மண் ஒரு பிடி. கலக்கும்போது எழும் அந்தக் காரநெடியும் மண்வாசமும் சேர்ந்த மணம் தொழுவத்தை அறிந்தவர்களுக்கு இதமானது. வேரழுகல் முதலிய நோய்கள் இளம்பயிரை அண்டாதிருக்கத்தான் இவ்வளவும். இந்தக் கரைசலில் நெல்லைத் தாராளமாக அளையலாம். நிலக்கடலை வந்தால் கை தானாக மெதுவாகிவிடும். அந்த மெல்லிய சிவப்புத் தோல் உரிந்தால் விதை வீண். சட்டென்று நனைத்தெடுத்து, விரல்நுனியால் புரட்டி, நிழலில் பரப்பி உலர்த்துவார்கள். முற்றத்தில் எவ்வளவு வெயில் அடித்தாலும் நிழல்தான்.