பதுக்கப்படும் திரைக்கலை

அரிசியைக் களஞ்சியத்திற் பூட்டிவைத்து, ஊரிற் பஞ்சம் முற்றிய பின் விலையேற்றி விற்பவனைப் பதுக்கல்காரன் என்கிறோம். அவனைத் தண்டிக்கச் சட்டமும் உண்டு. திரைப்படத்தைப் பூட்டிவைப்பவனுக்கோ சட்டமே காவல் நிற்கிறது. இத்தனைக்கும் ஒருவன் உண்ட அரிசி மற்றொருவனுக்கு மிஞ்சாது. ஆயிரம் பேர் பார்த்த படமோ ஓர் அணுவும் குறைவதில்லை. குறையாத பொருளுக்குத் தட்டுப்பாட்டை உண்டாக்குவது எங்ஙனம்? ஹொலிவூட் கம்பனிகள் கற்றுத் தேர்ந்த வித்தை அதுவே.

இவ்வித்தையின் முன்னோடி வால்ற் டிஸ்னியின் நிறுவனமாகும். 1937 ஆம் ஆண்டின் இறுதியில் முதன்முதலாகக் காட்டப்பெற்ற ‘ஸ்நோ வைற்றும் ஏழு குள்ளர்களும்’ 1944 இல் மீண்டும் திரைக்கு வந்தது. போரினால் வெளிநாட்டு வருவாய் சுருங்கியிருந்த கம்பனிக்கு அப்பழைய படம் புதுப் பணம் ஈட்டிக் கொடுத்தது. அதன்பின் 1952, 1958, 1967, 1975, 1983 என அப்படம் வெளிவருவதும் மறைவதுமாயிருந்தது. முன்னர் பார்த்த குழந்தைகள் வளர்ந்து, பாராத குழந்தைகள் பிறந்து நடமாடத் தொடங்கும் இடைவெளி அது. சித்திரக்காரர் பலநூற்றுவர் கைவருந்த வரைந்த ஒரு படைப்பின் ஆயுள், கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் இவ்வாறு தவணை தவணையாகப் பிரிக்கப்பட்டது. வீடியோ நாடா வந்தபோது இதே தந்திரம் வீட்டிற்குள்ளும் புகுந்தது. சில மாதம் விற்பனை. பின்னர் படம் ‘பெட்டகத்துள்’ போய்விடும். இன்று வாங்காவிடின் பல்லாண்டு கிடையாது என்ற அச்சமே விளம்பரமாயிற்று.

அந்த நாடாவையே முளையிற் கிள்ள முயன்றவர்களும் இவர்கள்தாம். மக்கள் தொலைக்காட்சிப் படங்களைத் தம் வீட்டிற் பதிந்து வைத்துக்கொள்ள உதவும் கருவியை விற்றமைக்காக, சோனி கம்பனிமீது யுனிவேர்சலும் டிஸ்னியும் 1976 இல் வழக்குத் தொடுத்தன. 1984 இல் அமெரிக்க அதியுயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற வாக்கில் அவ்வழக்கைத் தள்ளியது. ஒரேயொரு நீதியரசரின் வாக்கு மாறியிருப்பின் நிலைமை என்னாகியிருக்கும்? சுவையான செய்தி என்னவெனில், எந்த நாடா தம்மை அழித்துவிடும் என ஓலமிட்டனரோ, அந்த நாடாவே பின்னர் அவர்களது பெருஞ் செல்வமாயிற்று.

டிவிடி தட்டு வந்தபோது உலகப்படமே கூறுபோடப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவும் கனடாவும் முதலாம் வலயம். நாம் ஐந்தாம் வலயம். இந்தியா, பாகிஸ்தான், முன்னைய சோவியத் நாடுகள், ஆபிரிக்காவின் பெரும்பகுதி ஆகியன நமக்குக் கூட்டு. முதலாம் வலயத்தில் முறையாகக் காசு கொடுத்து வாங்கிய தட்டை ஐந்தாம் வலயத்துக் கருவியில் இட்டால் அது ஓட மறுக்கும். எந்த நாட்டில் எப்பொழுது, என்ன விலைக்கு விற்பது என்பதைக் கம்பனியே தீர்மானிக்க வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணமில்லை. கலைஞனின் உழைப்பைத் திருட்டுப் பிரதிகளிலிருந்து காப்பதற்கே இப்பூட்டுகள் என்பர். உழைத்தவனுக்கு ஊதியம் வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை கிடையாது. ஆனால் விலைகொடுத்து வாங்கியவனைத் தடுக்கும் பூட்டு எந்தக் கலைஞனுக்கு ஒரு சதத்தைக் கூட்டிக் கொடுத்தது? முறையான கடையிற் கிடையாத படத்தைத் தேடியே பலர் திருட்டுத் தட்டு விற்பவனிடம் போயினர்.

இணையவழித் திரையிடல் வந்ததும் பெட்டகம் திறந்துவிட்டதெனப் பலர் மகிழ்ந்தனர். 2019 இல் டிஸ்னி தன் பழைய படங்களை ஒரே சந்தாவிற் குவித்தது உண்மை. ஆனால் அங்கே பார்வையாளன் கையில் நாடாவுமில்லை, தட்டுமில்லை. இருப்பது பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. ‘கிரேற்றர்’ என்ற படம் 2023 மே 12 இல் அங்கு வெளியாயிற்று. ஜூன் முடியுமுன் அகற்றப்பட்டது. அது பின்னர் தனி விற்பனைக்கு வந்தது வேறு கதை. ஏழு வாரத்தில் ஒரு படத்தை இல்லாமற் செய்ய ஒரு கணக்குத் தீர்மானம் போதுமாயிருந்தது என்பதே நமக்குரிய செய்தி.

இதனினும் கொடியது ‘பற்கேள்’. கிளாஸ்கோ நகரத் தெருக்களிற் படமாக்கப்பட்டு, ஏறத்தாழ 9 கோடி டொலர் செலவிடப்பட்டதாகக் கூறப்பட்ட இப்படத்தை, 2022 ஓகஸ்ற்றில் வார்ணர் நிறுவனம் வெளியிடாமலே கைவிட்டது. வெளியிட்டு வரும் வருவாயிலும், நட்டமெனக் காட்டி வரியிற் கழித்துக்கொள்வது இலாபமெனக் கணக்குச் சொல்லியதாகப் பத்திரிகைகள் எழுதின. இயக்கிய இருவரும் செய்தி கேட்டபோது மொரோக்கோவில் இருந்தனர். கைத்தொலைபேசியிலேனும் படத்தைப் பதிந்துகொள்ளலாமென்று கணினிச் சேமிப்பகத்தைத் திறந்து பார்த்தபோது, அங்கு யாவும் அகற்றப்பட்டிருந்ததாக அவர்களே பின்னர் கூறினர். நெய்தவன் தன் துணியைத் தொட்டுப் பார்க்கவும் உரிமையற்றுப் போவது ஆலைத் தொழிலாளிக்குப் பழகிய அனுபவம். நெறியாளருக்கு அது புதிது.

நூல் விமர்சகனுக்கு ஒரு வசதியுண்டு. ஐயம் தோன்றின் ஏட்டை மீண்டும் புரட்டலாம். மாணவன் கையிற் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். திரைப்பட விமர்சனம் கம்பனியின் தயவில் நடக்கிறது. மறுபடி பார்க்க முடியாத படத்தைப்பற்றி எழுதப்படுவது நினைவுக் குறிப்பேயன்றி விமர்சனமாகாது. கம்பனிகளிடமே கலையை ஒப்படைத்தால் நேர்வது யாதென்பதற்குச் சான்றும் உண்டு. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 11,000 மௌனப் படங்களுள் மூல வடிவில் எஞ்சியவை 14 வீதமே என அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தீ தின்றது ஒரு பகுதி. பேசும் படம் வந்தபின் விற்பனைக்குதவாதென எறியப்பட்டது மறு பகுதி.

அச்சான நூலின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டுமென்ற சட்டம் இலங்கையில் 1885 முதல் உண்டு. பிரான்ஸ் திரைப்படத்துக்கும் அத்தகைய கட்டாயத்தை விதித்துள்ளது. நம் பல்கலைக்கழகங்களும் ஆசிரியர் சங்கங்களும் இங்கும் அதனைக் கோரலாம். ஆனால் பிரெஞ்சுச் சட்டமும் மக்கள்முன் வைக்கப்பட்ட படத்தையே கேட்கிறது. வெளியிடாமலே புதைக்கப்பட்ட படம் அதன் கைக்கும் எட்டாது.